எச்சில் வடிதலும் வாய்ப்புண்ணும்: பல் முளைப்பது மட்டும்தான் காரணமா?

கைக்குழந்தைக்கு எச்சில் வடிந்தால், பல் முளைக்கிறது என்று எண்ணிப் பெற்றோர் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. ஆனால் அதனுடன் கடும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்திருந்தால் காரணம் வேறாகவே இருக்கும். பல் முளைப்பதால் இவ்விரண்டும் ஏற்படுவதில்லை.

இத்தகைய குழந்தைகள் வலியால் விழுங்க மறுப்பதால்தான் எச்சில் வழிகிறது. அதாவது, அக்குழந்தை தண்ணீரையும் பாலையும் கூட மறுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி இது.

கை, கால், வாய்ப்புண் நோய்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெற்றோர் நன்கறிந்த இந்நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரைத் தாக்குகிறது. வாயில் புண்களும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் கொப்புளங்களும் தோன்றும். காக்சாக்கி ஏ16 வைரஸால் வருவது பொதுவாக 7 முதல் 10 நாட்களில் தானே குணமாகிவிடும்.

என்டெரோவைரஸ் 71 என்ற மற்றொரு வைரஸ் சில வேளைகளில் மூளையைத் தாக்கக்கூடியது. 1997இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இது பரவியபோது குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். 1998இல் தைவானில் 78 பேர் பலியாயினர்.

ஹெர்பீஸ் தொற்று

ஈறுகள் சிவந்து வீங்கி இரத்தம் கசிந்தால், அது முதன்முறையாக ஏற்பட்ட ஹெர்பீஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். ஆரம்ப நாட்களிலேயே கண்டறியப்பட்டால் அசைக்ளோவிர் மருந்து பயன்தரும். இவ்விரு நோய்களும் வைரஸ்களால் வருபவை என்பதால், ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இவற்றைக் குணப்படுத்தா.

தாமதம் கூடாத அறிகுறிகள்

வாயில் புண் ஏதுமின்றி, திடீர்க் காய்ச்சலுடன் எச்சில் வடித்து, முன்சாய்ந்து அமர்ந்து மூச்சுவிடத் திணறும் குழந்தைக்குக் குரல்வளை மூடி வீங்கியிருக்கக்கூடும். தொண்டையைத் திறந்து பார்க்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஹிப் தடுப்பூசி வந்தபின் இந்நோய் வெகுவாகக் குறைந்துள்ளது.

புண்ணுள்ள குழந்தை பல மணி நேரம் சிறுநீர் கழிக்காதிருத்தல், கண்ணீரின்றி அழுதல், தூக்கத்தில் அடிக்கடி தூக்கிவாரிப்போடுதல், ஓயாத வாந்தி, நடையில் தள்ளாட்டம் ஆகியவையும் அவசர அறிகுறிகளே.

வீட்டில் செய்யவேண்டியது

குளிர்ந்த நீரையோ பாலையோ கரண்டியால் சிறிது சிறிதாக அடிக்கடி புகட்டலாம். புளிப்பு, காரம் வேண்டாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் உடல் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதுமானது, ஆஸ்பிரின் தரக்கூடாது.

கை, கால், வாய்ப்புண் நோய்க்கான வைரஸ் குணமான பின்னரும் சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். எனவே குழந்தையின் துணியை மாற்றியபின் சோப்பால் கைகழுவுதல் அவசியம்.