வீட்டில் குரல்பதிவு: மைக், ப்ரீஆம்ப் தேர்வு (பெங்களூரு)

வீட்டுக் குரல்பதிவு என்பது ஸ்டூடியோவுக்குப் போகாமல், குடியிருக்கும் அறையிலேயே பாட்டையோ பேச்சையோ பதிவு செய்வது. அதற்கு ஒரு மைக், அது தரும் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் ப்ரீஆம்ப், ஒரு கணினி, ஒரு ஹெட்ஃபோன் போதும். ப்ரீஆம்ப் தனிப் பெட்டியாக வருவது இன்று அரிது. கணினியில் யூஎஸ்பி வழியாகச் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளேயே அது அடக்கம். பெங்களூரில் மைக் வாங்கக் கிளம்புகிறவர் எந்த மாடல் நல்லது என்றுதான் முதலில் விசாரிக்கிறார். விடையில் பாதி, அவர் பாடப்போகும் அறையில் இருக்கிறது.

முன்கதை

வீட்டிலிருந்து குரலை வெளியே அனுப்பும் பழக்கம் கர்நாடகத்துக்குப் புதிதல்ல. மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தம் வீட்டிலேயே ஒரு சிறிய வானொலி நிலையத்தைத் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டார். அந்த நிலையம் 1955-இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. 1980-களில் நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், 'சங்கேத்' என்ற பெயரில் பெங்களூரிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். அதற்கு முன் கன்னடத் திரைப்பாடல் என்றால் சென்னைக்கு ரயிலேறுவதே வழக்கம். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிக் கட்டிய பஞ்சதன் கூடத்திலிருந்துதான் 1992-இல் 'ரோஜா' வந்தது.

வெளிநாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது பாடகி பில்லி ஐலிஷின் கதை. அவருடைய 2019 ஆல்பத்தின் பெரும்பகுதியை அண்ணன் ஃபினியஸ் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டின் படுக்கையறையிலேயே பதிவு செய்தார். மறு ஆண்டு அது கிராமி விருதுகளை அள்ளியது.

அறை

பெங்களூர் வாடகை வீட்டு அறை பெரும்பாலும் ஒரே வார்ப்பு: விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், அதற்கப்பால் கம்பி, அதற்கப்பால் சாலை. கை தட்டினால் 'டிங்' என்று ஒரு சிறு எதிரொலி ஓடும். பாடுபவர் காதுக்கு அது இனிமை. மைக்கில் அதுவே 'பாத்ரூம் சத்தம்'. ஒருமுறை குரலோடு பதிவாகிவிட்டால் எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்காது.

வெளிச்சத்தமும் சேர்கிறது. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் என்பது வரம்பு. சிவாஜி நகரிலும் அல்சூரின் சந்துகளிலும் அந்த வரம்பு எந்த அளவு மதிக்கப்படுகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆட்டோ, குக்கர் விசில், விமானம், மாடி வீட்டில் நாற்காலி இழுக்கும் ஓசை. ஜன்னலை மூடிய உள்ளறையில் நள்ளிரவுக்கு மேல் 30 டெசிபெலை ஒட்டி இறங்கினால் அதுவே பாக்கியம்.

ஆனால் சென்னைக்காரருக்குக் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதி மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலையும் மூடிக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடிக்கலாம். சென்னையின் மே மாதத்தில் இரண்டாவது சரணத்திலேயே வியர்வை கண்ணுக்குள் இறங்கிவிடும்.

எதிரொலியைக் குறைக்க முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. கடைகளில் கிடைக்கும் ஓர் அங்குல ஃபோமும் மேல்ஸ்வரக் கூர்மையை மட்டுமே உறிஞ்சும். ஆண் குரலின் அடித்தளமான 100–200 ஹெர்ட்ஸை அது தொடுவதே இல்லை. கனமான பொருள்தான் பயன்படும்: இலவம்பஞ்சு மெத்தை, ரஜாய், புடவைகள் அடுக்கிய திறந்த பீரோ. இவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கார்டியாய்டு வகை மைக் தன் முகத்துக்கு எதிரே உள்ளதைக் கேட்கும். முதுகுப்பக்கம் அதற்குக் காது மந்தம். ஆகவே மெத்தை நிற்க வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும்.

மைக்

வீட்டுக்கு வருபவை இரண்டு வகை. டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய தகடும் காந்தப்புலத்துக்குள் அசையும் கம்பிச்சுருளும் இருக்கும். வெளி மின்சாரம் வேண்டாம், அடி தாங்கும், வெளியீடு மிகக் குறைவு. கண்டென்சர் மைக்கில் அதைவிட மெல்லிய தகடும் உள்ளேயே ஒரு சிறு மின்சுற்றும் உண்டு. வெளியீடு அதிகம், நுணுக்கம் அதிகம், இயங்க, இன்டர்ஃபேஸிலிருந்து மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் வேண்டும். இந்த 48 என்ற எண் நார்வே வானொலியிலிருந்து வந்தது. 1966-இல் நாய்மன் நிறுவனம் அவர்களுக்கு மைக் செய்து கொடுத்தபோது, அவசர விளக்குகளுக்காக அங்கே ஏற்கெனவே இருந்த 48 வோல்ட்டையே பயன்படுத்திக்கொண்டார்கள். பின்னர் அதுவே உலக வழக்கமாயிற்று.

கண்டென்சர்தான் 'ஸ்டூடியோ மைக்', டைனமிக் மேடைக்கு மட்டும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் மைக்கேல் ஜாக்சனின் 1982 'த்ரில்லர்' ஆல்பத்தில் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் குரலுக்கு வைத்தது ஷ்யூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக். வெறும் சுவர் அறையில் கண்டென்சர் வைத்தால், அதன் நுணுக்கம் அடுத்த தெரு நாயையும் நுணுக்கமாகவே பதிவு செய்யும்.

உண்மையில் வகையை விடத் தூரமே பெரிது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும். அறையின் ஓசை அப்படியே இருக்கும். 30 செ.மீ. தூரத்திலிருந்து 5 செ.மீ. தூரத்துக்கு வந்தால் லாபம் 15 டெசிபெலுக்கு மேல். எந்த விலையுயர்ந்த கருவியாலும் இதைத் தர முடியாது. ராப் பாடுபவரும் பாட்காஸ்ட் பேசுபவரும் மைக்கை முத்தமிடும் தூரத்தில் இருப்பதால், அவர்களுக்கு ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் தாராளம். 1966-இல் வந்த அந்த மாடலின் போலிகள் சந்தையில் ஏராளம். விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே சரி.

கர்நாடக சங்கீதம் பாடுபவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர் தரையில் சம்மணமிட்டு உட்காருவார், தலையை அசைப்பார், மந்த்ர ஸ்தாயியில் முணுமுணுத்துவிட்டு தார ஸ்தாயியில் திறந்து பாடுவார். 5 செ.மீ. தூரத்தில் தலை சிறிது அசைந்தாலும் ஒலியளவு ஏறி இறங்கும். அருகாமையால் அடித்தொனி வீங்கி, அகாரம் கனத்துப்போகும். அவருக்கு 20–25 செ.மீ. தூரம், கண்டென்சர், முதுகுக்குப் பின் மெத்தை, கீழே கனத்த ஜமக்காளம். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அதன் சொந்த இரைச்சல் 20 டெசிபெல். ரோட் என்டி1-ஏ மைக்கில் அது 5 தான். மெல்லிய குரலில் ஆலாபனை செய்பவருக்கு இந்த வித்தியாசம் காதில் படும்.

சுருதிப் பெட்டியை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பாடுவது பலருக்கும் பழக்கம். அதுவும் மைக்கில் ஏறும். பிறகு குரலில் ஒரு சொல்லை வெட்டி ஒட்ட வழியிருக்காது. எச்.ஏ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண் பெங்களூரில் நிறுவிய ராடெல் தயாரிக்கும் மின்னணுத் தம்புராக்கள் நகரின் பாட்டு வகுப்புகளில் சர்வசாதாரணம். பதிவின்போது தம்புரா ஒலி ஹெட்ஃபோனுக்குள் மட்டும் இருக்க வேண்டும். ஒரு காதை மூடி, மறு காதைத் திறந்து வைத்துப் பாடினால் சுருதி விலகாது.

ப்ரீஆம்ப்

வீண்செலவு அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு சராசரி இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப் இரைச்சல் −128 டிபியு (மின்குறியின் அளவைச் சொல்லும் டெசிபெல் அலகு) அளவில் இருக்கும். அளவீட்டில் மைக்குக்குப் பதிலாக வைக்கும் 150 ஓம் மின்தடை தன் வெப்பத்தாலேயே எழுப்பும் இரைச்சல் −131 டிபியு. இயற்கையின் எல்லைக்கே மூன்று டெசிபெல்தான் பாக்கி. ஏடி2020 போன்ற கண்டென்சரோடு சேர்த்துக் கணக்கிட்டால், இந்த ப்ரீஆம்ப் இரைச்சல் அறையில் 1 டெசிபெல் ஓசைக்குச் சமம். மைக்கின் சொந்த 20 டெசிபெலுக்குள் அது காணாமல் போய்விடும். கண்டென்சர் வைத்திருப்பவர் இரைச்சலைக் குறைக்கவென்று தனி ப்ரீஆம்ப் வாங்குவதில் பொருளில்லை. நீவ் 1073 போன்ற புகழ்பெற்ற ப்ரீஆம்ப்களையும் அவற்றின் வழிவந்த நகல்களையும் தேடுவோர் தேடுவது அவற்றின் தனி வண்ணத்தை. அது மெத்தைக்கும் மைக்குக்கும் பிறகு வர வேண்டிய ஆசை.

ப்ரீஆம்ப் கைவிடக்கூடிய இடம் ஒன்றுதான்: வெளியீடு குறைந்த டைனமிக். இன்றைய எஸ்எம்7பி மைக்குக்குச் சுமார் 60 டெசிபெல் கெயின் (பெருக்கம்) தேவை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வின் மூன்றாம் தலைமுறை தருவது 56. கைப்பிடியை முழுதாகத் திருகினாலும் மென்மையான குரல் சிறிதாகவே பதிவாகும். 2023-இல் வந்த நான்காம் தலைமுறை 69 தருவதால் அதில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய கருவி கையில் இருந்தால், ஃபேண்டம் மின்சாரத்தில் ஓடி 25 டெசிபெல் கூட்டிக் கொடுக்கும் கிளவுட்லிஃப்டர் போன்ற சிறு பெட்டி ஒரு வழி.

கெயினை வைக்கும்போது, பாட்டின் மிக உரத்த வரியைப் பாடச் சொல்லி, பதிவு மென்பொருளின் மீட்டரில் உச்சம் −12 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. 24 பிட் பதிவில் குறைந்த அளவால் நஷ்டமில்லை. உச்சத்தில் முட்டி உடைந்த ஒலியைத்தான் மீட்க முடியாது.

மின்சாரம்

'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் உடனே ப்ரீஆம்பைச் சந்தேகிப்பார்கள். பழைய வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் எர்த் இல்லாத பிளக், அல்லது இரண்டு ஊசி லேப்டாப் சார்ஜர். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மின்வெட்டு நேரத்தில் ஓடும் இன்வெர்ட்டரும், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் இதே வேலையைச் செய்யும். விசிறி நிற்கும்போது ரெகுலேட்டரை மட்டும் திருப்பாமல் சுவிட்சையே அணைப்பது நல்லது. மைக் கேபிளை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கவிட்டால் மீதியும் அடங்கும்.