கொள்ளி வைக்காத சூடு

கத்ரீனா ஸ்பேடுக்குத் தன் சாவைப் பற்றிய நினைப்பு முப்பது வயதையொட்டி வந்தது. அப்போது அவர் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவி. அங்கே பெரும்பாலோர்க்கு இரண்டே வழி. ஒன்று, ரசாயனம் ஏற்றிப் பெட்டியில் அடக்கம் செய்வது. இன்னொன்று, எரிவாயுவில் எரிப்பது. இரண்டிலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆயுள் முழுக்கச் சோறு போட்ட மண்ணுக்குத் திருப்பித் தர மிஞ்சியிருப்பது இந்த உடம்புதானே!

விடை மாட்டுப் பண்ணையிலிருந்து வந்தது. செத்த மாட்டை மரச்சில்லுகளால் மூடி மக்க வைக்கும் வழக்கம் அங்குள்ள பண்ணைக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மாட்டுக்கு ஆவது மனிதருக்கும் ஆகும் என்று நம்பி, 2013இல் அதையே ஆய்வேடாக எழுதினார்.

நம்பிக்கை மட்டும் போதாதே. 2018இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், மண்ணியல் அறிஞர் லின் கார்ப்பென்டர்-பாக்ஸ் தலைமையில் சோதனை நடந்தது. அதற்கென்றே ஆறு பேர் தங்கள் உடலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்தக் கதையில் நான் கும்பிடுவது அந்த ஆறு பேரைத்தான். தாங்கள் பார்க்கப்போகாத ஒன்றுக்கு முதல் ஆளாகச் சம்மதிப்பது லேசா?

2019 மே மாதம் வாஷிங்டன் மாநிலம் இதற்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அதுவே முதல். ஸ்பேட் தொடங்கிய ரீகம்போஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் முதல் உடல்களை ஏற்றுக்கொண்டது.

அங்கே ஒரு கலனுக்குள் மரச்சில்லு, வைக்கோல், குதிரைமசால் பரப்பி, நடுவே உடலைக் கிடத்தி, மேலேயும் அவற்றால் மூடுகிறார்கள். அதற்குள் காற்று போய்க்கொண்டே இருக்கும். சில நாளில் உள்ளே சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; பெரும்பாலான நோய்க்கிருமிகள் அதில் மடியும். யாரும் கொள்ளி வைக்கவில்லை. நுண்ணுயிர்கள் தின்று, மூச்சுவிட்டு, பெருகுவதால் எழும் சூடு அது. அவற்றில் சில நம் குடலிலேயே குடியிருந்தவை. நாம் உண்ட சோற்றில் பங்கு வாங்கியவை நம்மையே மண்ணாக்குகின்றன. இதைப் படித்த நாளிலிருந்து சாவை நினைத்தால் எனக்குத் தனிமை தோன்றுவதில்லை.

சில வாரங்களில் சதை, எலும்பு எல்லாம் ஏறக்குறைய முக்கால் கனமீட்டர் மண்ணாகிவிடும். சில குடும்பங்கள் அதில் கொஞ்சம் எடுத்துப்போய் ரோஜாவுக்குப் போடுகின்றன. பலர் காட்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதே மாநிலத்தில், மரம் வெட்டி நலிந்துபோன பெல்ஸ் மலையில், கன்றுகளின் தூரில் அந்த மண்ணைக் கொட்டுகிறார்கள்.