பாறைக்குள் ஒரு கேள்வி

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தங்கம் வெட்டக் கூண்டில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு 1950களின் தொடக்கத்தில் புதிய கூட்டாளிகள் கிடைத்தார்கள். இவர்கள் கொண்டுவந்தது கதிர் எண்ணும் கருவிகள். பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஹோமி பாபா அனுப்பிய பி.வி. ஸ்ரீகண்டன் இந்தப் பணியைத் தொடங்கிவைத்தார்.

விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களில் மியூவான் என்னும் துகள் பாறையையும் துளைத்துக்கொண்டு போகும். எவ்வளவு ஆழம்வரை போகும்? அதை அளக்கத்தான் தங்கவயல். கீழே போகப்போக எண்ணிக்கை குறைந்தது. சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறு கதிர்களின் தொந்தரவு இல்லாத இப்படியோர் இடத்தில் எந்தப் பாறையையும் கடந்துவிடும் நியூட்ரினோ என்னும் துகளைப் பிடித்துவிடலாமே என்ற எண்ணம் அப்போது வலுத்தது. ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் டாடா நிறுவனத்துடன் சேர்ந்தன. வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை 1965இல் அந்தக் கூட்டுக்குழு அறிவித்தது.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தங்கவயல் ஆய்விலிருந்து நேரடியாக எந்தச் சிகிச்சையும் பிறக்கவில்லை. ஆனால் அங்கே பாறையிடம் கேட்ட கேள்வியை உடம்பிடம் கேட்டால் அதுவே கதிர் சிகிச்சையின் அடிப்படை: கதிர் உள்ளே எவ்வளவு தூரம் போகும், ஆற்றலை எங்கே இழக்கும்? புரோட்டான் தான் நிற்கப்போகும் இடத்தில்தான் ஆற்றலை அதிகம் கொட்டுகிறது. அதைக் கட்டியின் மேல் குறிவைக்கலாம் என்று 1946இல் சொன்னவர் ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலர். சென்னை தரமணியில் 2019இல் புரோட்டான் சிகிச்சை மையமே வந்துவிட்டது.

கொட்டிய ஆற்றல் உயிரணுவை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல உயிரியல் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த புற்றணுக்கள் கதிருக்கு எளிதில் மடிவதில்லை என்பதன் முக்கியத்துவத்தை 1953இல் எல்.எச். கிரேயின் குழு விளக்கியது. அவரும் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவரே. நோயாளிக்குத் தரும் கதிரின் அளவை இன்று ‘கிரே’ என்ற அலகில்தான் குறிக்கிறார்கள்.

இந்தத் துறைகளை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர பாபா முனைந்தார். 1941இல் திறக்கப்பட்ட பம்பாய் டாடா நினைவு மருத்துவமனை 1962இல் அணுசக்தித் துறையின் பொறுப்புக்கு வந்தது. 1952இல் தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் 1966இல் அதனோடு இணைந்து, இரண்டும் டாடா நினைவு மையம் ஆயின. பின்னாளில் டிராம்பே அணு ஆய்வு மையம் கோபால்ட் சிகிச்சைக் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கி, ‘பாபாட்ரான்’ என்று பெயரிட்டது.

மருத்துவமனைக்கும் அணுசக்தித் துறைக்கும் என்ன உறவு என்று வியப்பவர்கள் உண்டு. கதிரை அளப்பவரும் அணுவை ஆராய்பவரும் நோயாளியைப் பார்ப்பவரும் தனித்தனியாக நின்றால் கதிர் சிகிச்சை நடக்காது. அந்த வகையில் 1962இல் எடுத்த முடிவு சரியான முடிவு. தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. டாடா நினைவு மையம் இன்றும் அணுசக்தித் துறையின் கீழ்தான் இயங்குகிறது.

(தொடரும்)