யாழ்ப்பாணத்தவர் உணவும் சலரோகமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

சலரோகம், குருதி அமுக்கம் முதலிய நீடித்த நோய்களைப் பற்றி யாழ்ப்பாணத்திற் பேசப்படும்போதெல்லாம் பழி நோயாளியின் நாவின்மீதே சுமத்தப்படுகின்றது. பாணை விட்டுக் குரக்கனை உண்ணுமாறு கூறும் அறிவுரையை நாம் எங்கும் கேட்கின்றோம். அறிவுரை பிழையன்று. ஆயின், குரக்கன் உண்ட சமூகமொன்று பாணுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற வினா அதனுள் எழுவதில்லை. அவ்வினாவையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

வழுக்கையாறு என்னும் பருவகால ஓடையைத் தவிர ஆறில்லாத குடாநாட்டில் நெல், மாரி மழையை நம்பிய பயிர். ஆண்டு முழுவதும் சோறு எல்லோருக்கும் வாய்த்ததில்லை. குரக்கன், சாமை, வரகு ஆகியவற்றோடு பனையும் அக்குறையை நிரப்பிற்று. பனங்கிழங்கு காய்ந்து ஒடியலாகும். அதன் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்தபின் பிட்டாக்குவர், கூழாக்குவர். மீன், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் சேரும் ஒடியற்கூழ் இன்று விருந்துணவு. அன்று உழைப்பாளர் பசியாறிய உணவு. குரக்கனும் ஒடியலும் வறுமையின் அடையாளங்களாகவும் தீட்டிய அரிசிச் சோறு மதிப்பின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டமை சாதி, வர்க்க ஏற்றத்தாழ்வுகளோடு பிணைந்த செய்தியாகும். எனவே வாய்ப்பு வந்தபோது மக்கள் குரக்கனைக் கைவிட்டமையை வெறும் நாகரிக மோகம் என்று தள்ளிவிட முடியாது. இழிவிலிருந்து விடுபடும் முயற்சியும் அதனுள் இருந்தது.

வாய்ப்பு யுத்தத்தின் வழியே வந்தது. 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது; கோதுமை மா சாதாரண மக்களின் அடுக்களைக்குள் நுழைந்தது. யுத்தம் முடிந்த பின்னரும் மா வெளியேறவில்லை. 1953 இல் கூப்பன் அரிசி கொத்தொன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தமை உணவு எத்துணை அரசியற் பொருளாக இருந்தது என்பதைக் காட்டும். பின்னர் அமெரிக்க உதவிக் கோதுமையும், 1980 இல் இயங்கத் தொடங்கிய திருகோணமலைப் பிறீமா ஆலையும் மாவை நிலைபெறச் செய்தன. (அதனை 'அமெரிக்கன் மா' என்றே எம்மவர் வழங்கினர், பெயரிலேயே வரலாறு உண்டு.) இதற்கிடையில் தோட்டநிலம் புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உரியதாகிவிட, குரக்கன் ஓரந்தள்ளப்பட்டது.

உணவை மட்டும் நோக்கினால் பாதியையே கண்டவராவோம். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த உடல்களுக்கு மாப்பொருள் எரிபொருளாயிற்று. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வுழைப்புக் குறைந்தது. உரலும் திரிகையும் மில்லுக்கு இடங்கொடுத்தன. தவிடும் அரிசியை விட்டு நீங்கிற்று. தசைகள் உழைக்காதவிடத்துக் குருதியிலுள்ள வெல்லத்தை அவை குறைவாகவே ஏற்கின்றன. இன்சுலினின் வலுவும் மங்குகின்றது. உழைப்புக் குறைந்தமை நன்றே. துலா மிதித்தவனை மீண்டும் துலாவில் ஏற்றச் சொல்வார் எவருமிலர். பழைய உணவோடு பழைய பசியும் இருந்ததென்பதை மறந்து அதனைப் போற்றுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

குரக்கனும் மாப்பொருளே என்பதையும் கூறவேண்டும். நார்ச்சத்தும் கல்சியமும் மிக்கதாயினும், நன்கு அரைத்துக் கஞ்சியாக அளவின்றிக் குடித்தால் அதுவும் குருதி வெல்லத்தை விரைந்து உயர்த்தும். இலைக்கறியும் பருப்பும் மீனும் சேர்ந்த பழைய முழு உணவிலிருந்து தானியத்தை மட்டும் பிரித்தெடுத்து மருந்தாக்குதல் பயன் தராது.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது குடாநாடு மிதிவண்டிக்கும் உள்ளூர் உணவுக்கும் திரும்பிற்று. அதனை உடல்நலத்துக்கு வாய்த்த காலமெனச் சிலர் பேசுவதுண்டு. மின்சாரமற்ற ஊரில் இன்சுலினைக் குளிரில் வைத்திருக்கப் பட்ட பாட்டை அவர்கள் கணக்கிலெடுப்பதில்லை. 2022 இன் நெருக்கடியிலும் பாணின் விலை ஏறிய அதே மாதங்களில் அரச மருத்துவமனைகளில் மருந்துகள் தட்டுப்பட்டன. உணவால் நோயை அடக்குமாறு கூறப்பட்டவர்களுள் கூலியுழைப்பாளருக்கு மீனும் பருப்பும் அப்போது எட்டாப் பொருள்களாயிருந்தன.