முற்றுகைக்குள் வாங்கிய காணி

பகைவர் படை சூழ்ந்து நிற்கும் நகரொன்றிலே இருந்துகொண்டு காணி வாங்குவார் உளரோ? அதிலும், அக்காணி மதிலுக்கு வெளியே, பகைவன் கைப்பட்ட நிலப்பரப்பிலே கிடக்கின்றது. வாங்குபவரோ காவலில் அடைபட்டிருப்பவர், முதுமையை அணுகியவர், மனைவி மக்கள் இல்லாதவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்நகர் வீழ்வது திண்ணமென்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக எடுத்துரைத்து வந்தவரும் அவரே. இப்படியொரு காணியுறுதி கி.மு. 588-587 ஆம் ஆண்டளவில் எருசலேமிலே முடிக்கப்பட்டதாக விவிலியம் கூறுகின்றது. வாங்கியவர் எபிரேயத் தீர்க்கதரிசியாகிய எரேமியா. நம்பிக்கை, பொறுமை என்னும் இரண்டையும் பற்றிப் பேச முற்படும் நான், அவர் உரைத்தவற்றைக் காட்டிலும் அவர் செய்த இந்த ஒரு கொள்வனவையே பெரிதாகக் கருதுகின்றேன்.

எரேமியா எருசலேமுக்கு வடகிழக்கே சில மைல் தொலைவிலுள்ள ஆனதோத் என்னும் சிற்றூரிலே, ஆசாரியர் குடியிற் பிறந்தவர். யோசியா மன்னனது பதின்மூன்றாம் ஆட்சியாண்டாகிய கி.மு. 627 ஆம் ஆண்டளவில் அவரது பணி தொடங்கியது. கி.மு. 609 இல் யோசியா மெகிதோவிலே எகிப்தியரால் மாண்டான். கி.மு. 605 இல் கர்கேமிசுப் போரில் எகிப்தை முறியடித்து பாபிலோன் மேலோங்கியது. இரு பேரரசுகளுக்கு இடையே அகப்பட்ட யூதா என்னும் சிறுநாடு அன்று எப்பக்கம் சாய்வதென்று அறியாது தடுமாறியது. பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்றார் எரேமியா. அரசவைக்கு அவர் துரோகியானார். அரசவை கிடக்கட்டும், பிறந்த ஊராகிய ஆனதோத்தாரே அவருடைய உயிரை வாங்க முயன்றனர் என்பதை நேயர்கள் மனத்திருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இவ்வூருக்கு நாம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

தமது உரைகளை எல்லாம் எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக் என்னும் எழுத்தர் ஒரு சுருளில் எழுதினார். யோயாக்கீம் மன்னன் குளிர்காலத்தில் கணப்புச் சட்டியின் முன் அமர்ந்திருந்தபோது அச்சுருள் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படுந்தோறும் எழுத்தரின் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் இட்டான் அரசன். எரிக்கவேண்டாமென்று மன்றாடியவர் மூவர். அவருள் ஒருவன் சாப்பானின் மகன் கெமரியா. எரிந்த சுருளுக்கு எரேமியா செய்த மறுமொழி யாது? வேறொரு சுருளை எடுப்பித்தார்; முதலிலிருந்து மீண்டும் சொல்லத் தொடங்கினார்; புதியனவும் சேர்த்தார். எழுதுதொழில் அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

வியப்பொன்று உண்டு. 1982 ஆம் ஆண்டு எருசலேமின் பழைய நகர்ப்பகுதியை அகழ்ந்தபோது, சாப்பானின் மகன் கெமரியா என்னும் பெயர் பொறித்த களிமண் முத்திரை ஒன்று கிடைத்தது. அவனே இவன் என அறிஞர் பலர் கொள்வர். நகரை அழித்த தீயிலே ஏடுகள் எரிந்துபோயின. ஏடுகளைக் கட்டியிருந்த களிமண்ணோ அதே தீயிற் சுடப்பட்டு இறுகி, இருபத்தைந்து நூற்றாண்டுகள் நிலைத்தது.

கி.மு. 597 இல் பாபிலோனியர் எருசலேமை முதன்முறை கைப்பற்றி, மன்னன் யோயாக்கீனையும் மக்களுள் தலையாயோரையும் சிறைகொண்டு சென்றனர். இதனைப் பாபிலோனியரின் சொந்த வரலாற்றுப் பலகையும் உறுதிப்படுத்துகின்றது. 1956 இல் அது அச்சேறியது. சிறைப்பட்டோர் எப்போது திரும்புவர் என்பதே அன்று எல்லோருடைய நாவிலும் இருந்த வினா. இரண்டே ஆண்டில் என்று கோயிலில் நின்று முழங்கினான் அனனியா என்னும் மற்றொரு தீர்க்கதரிசி. எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தையும் பிடுங்கி முறித்தான். அப்படியே ஆகட்டும் என்றார் எரேமியா. முன்னோரை நினைவூட்டிச் சில சொற்கள் கூறினார். பின்னர் தம் வழியே போய்விட்டார்! மறுமொழி தமக்கு அருளப்பட்ட பின்னரே திரும்பி வந்து, மரநுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் வருமென்றார். ஊரறியத் தோற்றவர்போல நடந்துபோக வல்லார் எத்தனை பேர்?

சிறைப்பட்டோருக்கு அவர் விடுத்த மடலும் அனனியாவின் சொல்லுக்கு நேர்மாறானது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலத்துக்காக வேண்டுங்கள், எழுபது ஆண்டு செல்லும் என்பதே அதன் சாரம். கேட்டவர்களுக்குக் கசந்திருக்கும். ஆயினும் அவர்கள் அவ்வாறே வாழ்ந்தனர் என்பதற்கு இன்று சான்று உளது. பாபிலோனியாவில் ‘யூதாவின் ஊர்’ எனப் பெயர்பெற்ற குடியிருப்பைச் சார்ந்த களிமண் ஆவணங்கள் 2014 இல் வெளியிடப்பட்டன. கி.மு. 572 ஆம் ஆண்டு தொடங்கும் அவற்றிலே எபிரேயப் பெயருடையோர் நிலம் பயிரிடுகின்றனர், வரி இறுக்குகின்றனர், கடன் கொடுக்கின்றனர், வாங்குகின்றனர்.

இனி முற்றுகைக்கு வருவோம். சிதேக்கியா மன்னன் பாபிலோனுக்கு எதிராகக் கிளர்ந்தான். நேபுகாத்நேச்சாரின் படை மீண்டும் வந்தது. லாகீஸ், அசெக்கா என்னும் இரு கோட்டைகளே எஞ்சியிருந்தன என்கிறது எரேமியாவின் நூல். 1935 இல் லாகீஸ் கோட்டையின் வாயிலருகே ஓட்டுச் சில்லுகளில் மையால் எழுதிய மடல்கள் கிடைத்தன. லாகீஸின் தீக்குறிகளை நோக்கியிருக்கிறோம், அசெக்காவைக் காணவில்லை என்று ஒரு மடல் தெரிவிக்கின்றது. மற்றொன்று, மேலோரின் சொற்கள் கைகளைத் தளரச்செய்வதாக முறையிடுகின்றது. எரேமியாவைக் கொல்லவேண்டுமென அதிகாரிகள் அரசனிடம் சாற்றிய குற்றமும் இதே சொல்லாட்சியில்தான் அமைந்தது. அவரைச் சேறு நிறைந்த கிணற்றுக்குழியில் இறக்கினர். கந்தைகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் செய்து, கயிற்றால் தூக்கிக் காத்தவன் எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக். அயல்நாட்டவன் காட்டிய அந்தக் கந்தையளவு இரக்கத்தைத் தம்மவரிடம் அவர் காணவில்லை.

காவல் முற்றத்தில் அவர் அடைபட்டிருந்த நாளிலேதான், தந்தையின் உடன்பிறந்தாருடைய மகன் அனாமெயேல் வந்தான். ஆனதோத்திலுள்ள தன் காணியை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். முதுசம் குடிக்கு வெளியே போகாதபடி மீட்கும் உரிமை அடுத்த உறவினருக்கே உரியது என்பது எபிரேயர் வழக்கு. கொல்லத் தேடிய ஊர். பகைவன் மிதிக்கும் மண். விற்பவனோ பணத்துக்கு முட்டுப்பட்டவனாதல் வேண்டும். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். அகழ்வுகளிற் கிடைத்த எடைக்கற்களைக் கொண்டு நோக்கினால், இக்காலத்து 190 கிராம் அளவு. சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டும் நெடுநாள் கெடாதிருக்குமாறு மட்பாண்டத்தில் இடப்பட்டன. யூதேயப் பாலைக் குகையொன்றில் 1961 இல் கண்டெடுக்கப்பட்ட பாபத்தா என்னும் பெண்ணின் ஆவணங்களிலும் இவ்வாறு இரட்டையாக எழுதும் முறையைக் காண்கிறோம். அவை எரேமியாவுக்கு ஏழு நூற்றாண்டு பிற்பட்டவை.

காணியெழுத்துக்கு ‘உறுதி’ என்று நம்மவர் பெயரிட்டனர். எரேமியாவின் உள்ளமும் அன்று அவ்வாறு உறுதியாய் இருந்ததோ? அப்படித் தோன்றவில்லை. உறுதியைப் பாரூக்கிடம் கொடுத்த பின்னரே அவர் இறைவனிடம் முறையிடுகின்றார்: நகரோ கல்தேயர் கையிற் போகின்றது, நீரோ காணி வாங்கச் சொன்னீர் என்று. முன்னொருகால் பிறந்த நாளையே சபித்தவர் அவர். பொறுமையுடையோர் கலங்கமாட்டார் என நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அவர் கலங்கினார், வெள்ளியை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கலங்கினார்.

நகர் வீழ்ந்தது. பாபிலோனுக்கு வந்து நலமே வாழலாமென்ற அழைப்பை அவர் ஏற்கவில்லை; இடிபாட்டில் எஞ்சிய ஏழைகளோடு தங்கினார். சின்னாட்களில் ஆளுநன் கெதலியா கொலையுண்டான். அஞ்சியோடிய கூட்டம் அவரையும் எகிப்துக்குக் கொண்டுசென்றது. தாம் வாங்கிய காணியில் அவர் ஒருநாளேனும் உழுததாக யாண்டும் குறிப்பில்லை. கி.மு. 539 இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். சிறைப்பட்டோர் மீளத் தொடங்கினர். மீண்டவர்களின் பட்டியலை ஊர்வாரியாக எஸ்றாவின் நூல் எழுதிவைத்திருக்கின்றது. பெத்லகேமார், நெத்தோபாவூரார் என்று செல்லும் அந்நெடிய வரிசையிலே, ஆனதோத்து ஊரார் 128 பேர்.