முற்றவெளியும் மக்கள் தேவையும்

குடியிருக்க வீடு, வாங்க விற்கச் சந்தை, வழிபடக் கோயில் ஆகிய மூன்றும் ஒரு நகரத்துக்கு இன்றியமையாதன. இவற்றோடு, வேலை ஓய்ந்த மாலை வேளையில் காசு கொடாமலும் எவரிடமும் அனுமதி கேளாமலும் சென்று அமர்வதற்கு ஓர் இடமும் வேண்டும். இந்த நான்காவது தேவை யாழ்ப்பாண நகரில் எவ்வாறு நிறைவேறி வந்துள்ளது?

யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற வெளியிடம் முற்றவெளி. அது மக்கள் உலாவுவதற்கென அமைக்கப்பட்டதன்று. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையை ஐங்கோண வடிவிற் புதுக்கிக் கட்டினர். அதன் புற அரண்கள் 1792 இல் நிறைவெய்தின. கோட்டையை நெருங்கும் பகைவன் மறைந்து நிற்க மரமோ மனையோ இருத்தலாகாது என்பது அக்காலப் போர்முறை. பீரங்கியின் பார்வைக்காகவே வெளி வெறுமையாக விடப்பட்டது. 1795 இல் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. நாளடைவிற் பீரங்கிகள் ஓய்ந்தன, வெளி எஞ்சியது.

கச்சேரிக்கு அருகிலுள்ள பழைய பூங்காவின் தோற்றமும் ஏறக்குறைய இத்தகையதே. 1829 முதல் 1867 வரை வடபகுதியை நிருவகித்த பேர்சிவல் அக்லண்ட் டைக், தம் உறைவிடத்தைச் சூழ வளர்த்த சோலை அது. தொழிலாளர் உலாவுவதற்கு இடமில்லை என்பதை 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று ஆராய்ந்தது. 1847 இல் பேர்க்கன்ஹெட் நகரிற் பொதுப்பணத்தாற் பூங்காவொன்று திறக்கப்பட்டது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுந்த சோலையோ அதிகாரியின் சோலையாகவே விளங்கியது.

அவ்வாறாயின் மக்கள் எங்கே இளைப்பாறினர்? கோயில் வீதிகளிலும் குளக்கரைகளிலும் பாடசாலை மைதானங்களிலும் எனலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அக்கோயிலின் வீதிகளே நகரின் பொது மன்றமாகின்றன. மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டி இன்னொரு திருவிழாவாகும். ஆயினும் கோயில்கள் எல்லோருக்கும் ஒரே வகையில் திறந்திருக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் இதற்குச் சான்று. பாடசாலை மைதானத்துக்கோ மதிலும் உண்டு, மணியும் உண்டு. வருபவரின் ஊரையும் குலத்தையும் சமயத்தையும் வினவாத நிலம் பொதுப் பூங்கா ஒன்றே. அதன் பெறுமதி நிழலினும் காற்றினும் பெரிது.

1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையானது. முற்றவெளியிலும் அதன் அயலிலும் பொது நூலகம், விளையாட்டரங்கு, வீரசிங்கம் மண்டபம், சுப்பிரமணியம் பூங்கா என்பன இடம்பெற்றன. அண்மையிற் கலாசார மையமும் எழுந்தது. இவற்றுள் வேண்டாதது எதுவுமில்லை. எனினும் வெற்றிடத்தைக் கண்டவுடன் கட்டடத்துக்கு ஏற்ற காணி எனக் கருதும் மனப்பாங்கு தொடருமாயின், வெளி என்பது பெயரளவிலேயே எஞ்சும்.

போர்க்காலத்தில் வரலாறு தன் பழைய முகத்தைக் காட்டியது. 1990 இற் கோட்டை முற்றுகைக்குள்ளானபோது அச்சூழல் மீண்டும் போர்க்களமாயிற்று. 1999 இல் துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்துகையில் மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவ்வரங்கு இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016 இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிறுவர் ஓடி விளையாடும் நிலம் அச்சமற்ற நிலமாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இந்நகரம் அனுபவத்தால் அறிந்துள்ளது.

இன்றைய தேவையை அளந்து பார்ப்பதும் கடினமன்று. 1925 இற் பிரித்தானியாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு மைதானச் சங்கம், ஆயிரம் பேருக்கு 6 ஏக்கர் வெளியிடம் வேண்டுமெனப் பின்னர் வகுத்தது. 2012 இன் குடிசன மதிப்பின்படி மாநகரில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 88,000 பேர். அவ்வளவுகோலின்படி 528 ஏக்கர் தேவை. மாநகரின் பரப்பு சுமார் 20 சதுரக் கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய 5,000 ஏக்கர். எனவே நகரிற் பத்தில் ஒரு பங்கு வெளியாக இருத்தல் வேண்டும். முற்றவெளியையும் இரு பூங்காக்களையும் கூட்டினாலும் அதனை அணுகவும் இயலாது.

பிறநாட்டு அளவுகோல் மிகையென்று தள்ளினும் வேறொரு குறை எஞ்சும். இம்மூன்றும் நகரின் தென்பாகத்திலேயே உள்ளன. வடபாகத்து முதியவரும் பள்ளி செல்லாப் பாலகரும் நடந்து செல்லும் தூரத்தில் அவை இல்லை. ஆகவே நகருக்கு வேண்டுவது இன்னொரு பெரும் பூங்கா அன்று; வட்டாரந்தோறும் சிறு வெளிகளே. 2021 இல் ஆரியகுளம் திருத்தப்பட்டு உலாவுமிடமாக்கப்பட்டமை இதற்கு வழிகாட்டுகிறது. ஏனைய குளங்களின் கரைகளையும் அவ்வாறு பேணினால் நீரும் நிலைக்கும், நிழலும் கிடைக்கும்.

பீரங்கிக்காக ஒன்றும் அதிகாரிக்காக மற்றொன்றுமாக வாய்த்த வெளிகளைக் கொண்டே இந்நகரம் இதுவரை காலங்கழித்தது. மக்களுக்கென்றே திட்டமிட்டு ஒதுக்கும் நிலந்தான் அந்த நான்காவது தேவையை நிறைவு செய்யும்.