கானா இசையில் பெண்கள்

கானா, வடசென்னை உழைக்கும் மக்களின் வாய்மொழிப் பாட்டு. ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற இடங்களில் சாவு வீடு, காரியம், கல்யாணம், கோயில் திருவிழா என்று எல்லா விசேஷத்திலும் ஒலிப்பது. இதைக் கேட்பவர்களில் பெண்களும் ஏராளம். பாடுபவர்களோ அண்மைக்காலம் வரை ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள்.

சாவு வீட்டில் இது பளிச்சென்று தெரியும். உடலைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, இறந்தவரின் அருமையையும் தங்கள் மனக்குறையையும் அந்த நேரத்திலேயே பாட்டாகக் கட்டி ஒப்பாரி வைப்பவர்கள் பெண்கள். பொழுது சாய்ந்தபின் தெருப் பந்தலில் டோலக்கும் ஆர்மோனியமும் வைத்து விடிய விடியக் கானா பாடுபவர்கள் ஆண்கள். துக்கத்தைப் பாட்டாக்குவதில் பெண்களை மிஞ்ச ஆளில்லை என்று தெரிந்திருந்தும், ராத்திரியில் நடுத்தெருவில் மைக் பிடிக்க அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆரணி, செய்யாறு வட்டாரத் தெருக்கூத்திலும் நெடுங்காலம் இதே கதைதான். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில், துகிலுரியப்படும் பாஞ்சாலியின் புலம்பலைப் பெண் வேடம் கட்டிய ஆண்களே பாடி வந்தார்கள்.

கானாவோடு ஒப்பிடப்படும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் நடந்தது நேர்மாறு. 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேசி புளூஸ்’ அமோகமாக விற்ற பிறகே இசைத்தட்டு நிறுவனங்கள் அந்த இசையைத் தேடி வந்தன. 1923இல் மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் இசைத்தட்டில் பாடத் தொடங்கினார்கள். கானாவைச் சினிமாவில் பிரபலமாக்கிய குரல்களோ ‘சித்திரம் பேசுதடி’ (2006) உலகநாதன், ‘அட்டகத்தி’ (2012) பாலா போன்ற ஆண்களுடையவை.

தென்மாவட்ட நாட்டுப்புறப் பாட்டில் பெண்கள் முன்பே மேடை கண்டுவிட்டார்கள். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி, ‘ஆண்பாவம்’ (1985) படத்துக்கு வந்தார். பரவை முனியம்மாவை ‘தூள்’ (2003) ஊரறியச் செய்தது. பாட்டுகளைத் தேடித் தொகுத்து மேடையிலும் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கானாவில் இந்தக் கதவைத் திறந்தவர் இசைவாணி. ராயபுரத்துப் பெண், இசைக்கலைஞரான தந்தையுடன் சிறுவயதிலேயே மேடையேறியவர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், இசையமைப்பாளர் டென்மாவுடன் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியபோது, அதில் இருந்த ஒரே பெண் அவர். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதித்த தீர்ப்பையொட்டி எழுந்த, அந்தக் குழுவின் ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டுக்காக, 2024 நவம்பரில் அவர்மீது புகார்களும் மிரட்டல்களும் குவிந்தன. கூட்டாகப் பாடிய பாட்டுக்கும் வசவு வாங்குவது பெண் குரல்தான்.

அரங்கமும் யூடியூபும் கானாப் பாடகியருக்கு வழிவிட்டுவிட்டன. சாவு வீட்டுப் பந்தலுக்கும் அவர்களை அழைத்து, ஆண் பாடகருக்குத் தரும் அதே சம்பளத்தைத் தரவேண்டியது வடசென்னைத் தெருக்களின் பொறுப்பு.